120 ரோலில் பிரேம் இடைவெளி சீராக விழவில்லை: கேமராவைப் பிரிப்பதா, ஸ்பூலை அளப்பதா?

கேள்வி இதுதான்: கொழிஞ்சாம்பாறைப் பக்கம் மூடிவிட்ட ஒரு ஸ்டுடியோவிலிருந்து வாங்கிய 6×6 இரட்டை லென்ஸ் கேமரா. 120 ரோல் (தாளோடு சேர்த்து ஸ்பூலில் சுற்றி வரும் அகல ஃபிலிம்) போட்டால் முதல் மூன்று படங்களுக்கு நடுவே 3 மி.மீ. கூட இல்லை. கடைசிக்குப் போகப் போக இடைவெளி கொஞ்சம் விரிகிறது. சில ரோல்களில் இந்தக் கோளாறே இல்லை. பாலக்காட்டிலோ கோயம்புத்தூரிலோ யாரிடமாவது கொடுத்துப் பிரித்துப் பார்க்கலாமா?

திருப்புளியை இப்போதைக்கு எடுக்க வேண்டாம். ஒரு வெர்னியர் காலிபர், ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் ஸ்கேல், பென்சில், தாள் இவ்வளவும் இருந்தால் போதும். இடைவெளிகளை முதல் படத்திலிருந்து கடைசி வரை வரிசையாக எழுதுங்கள். எந்த உறுப்பு தப்பு செய்கிறது என்பதை அந்த எண் வரிசையே பெரும்பாலும் சொல்லிவிடும். "சில ரோல்களில் இல்லை" என்று நீங்கள் போகிற போக்கில் எழுதியிருப்பதுதான் இதில் முக்கியமான தடயம். அதற்குக் கீழே வருகிறேன்.

35 மி.மீ. ஃபிலிமில் ஒரு படத்துக்கு எட்டு துளை. பற்சக்கரம் அதைப் பிடித்து ஒவ்வொரு முறையும் 38 மி.மீ. இழுக்கும், அதனால் அங்கே இந்தப் பேச்சே எழாது. 120 ஃபிலிமில் துளை கிடையாது. எவ்வளவு இழுத்தோம் என்பதைக் கேமரா மூன்று வழிகளில் அறிகிறது. முதலாவது சிவப்பு ஜன்னல்: பேக்கிங் பேப்பரில், அதாவது ஃபிலிமின் முதுகோடு சேர்ந்து வரும் தாளில், அச்சான எண்ணைப் பார்த்து நாமே நிறுத்துகிறோம். இரண்டாவது அளவு உருளை: ஃபிலிமோடு ஒட்டி உருண்டு நீளத்தை நேரடியாக அளக்கும். மூன்றாவது, டேக்-அப் ஸ்பூல் (படம் எடுத்த ஃபிலிம் போய்ச் சுற்றிக்கொள்ளும் ஸ்பூல்) எத்தனை சுற்று சுற்றியது என்பதை எண்ணுவது. சுற்றச் சுற்ற ஸ்பூல் பருப்பதால் படத்துக்குப் படம் சுற்றைக் குறைத்துக்கொண்டே வரும்படி பல்சக்கரத்தை அமைத்திருப்பார்கள். அந்தக் கணக்கு ஸ்பூலின் நடுத் தண்டுக்கு ஒரு குறிப்பிட்ட விட்டத்தையும், ஃபிலிமும் தாளும் சேர்ந்த ஒரு குறிப்பிட்ட தடிமனையும் நம்பிப் போட்டது. இந்த இரண்டில் ஒன்று மாறினாலும் இடைவெளி மாறும்.

முதலில் நெகட்டிவ். கழுவித் தருபவரிடம் "வெட்டாமல் கொடுங்க" என்று சொல்லிவிடுங்கள். ஏற்கெனவே மூன்று மூன்றாக வெட்டியிருந்தால் ஓரத்தில் அச்சாகியிருக்கும் எண்ணை வைத்து வரிசைப்படுத்தலாம், ஆனால் வெட்டிய இடத்து இடைவெளி போனது போனதுதான். கைபேசியில் வெள்ளைத் திரை வைத்து அதன் மேல் நெகட்டிவைப் பரப்பி ஸ்கேலை வையுங்கள். இரு படங்களுக்கு நடுவே இருக்கும் வெற்றிடத்தை நேராக அளப்பதில் பிழை வரும், இருட்டான காட்சியில் படத்தின் ஓரமே தெரியாது. ஒரு படத்தின் முன் ஓரத்திலிருந்து அடுத்த படத்தின் முன் ஓரம் வரை அளங்கள். அதிலிருந்து கேமராவின் பட வாயின் (ஃபிலிமில் ஒளி விழும் சதுரத் திறப்பின்) அகலத்தைக் கழித்தால் இடைவெளி கிடைக்கும். பட வாயைத் தனியாக வெர்னியரால் அளந்து வைத்துக்கொள்ளுங்கள். 6×6 என்று பெயர் இருந்தாலும் உண்மையில் 56 மி.மீ.தான் இருக்கும். ஓரத்திலிருந்து ஓரம் 62 அல்லது 63 வந்தால் இடைவெளி 6 அல்லது 7. கடைசிப் படத்துக்குப் பின்னால் எவ்வளவு வெறும் ஃபிலிம் மிஞ்சுகிறது என்பதையும் எழுதிக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

அடுத்து ஸ்பூல். 120 ஸ்பூலில் இரு முனைகளிலும் உள்ள வட்டத் தட்டின் விட்டம் சுமார் 25 மி.மீ., இரு தட்டுகளுக்கும் நடுவே சுமார் 64, தண்டு விட்டம் சுமார் 12. ஃபிலிமின் அகலம் 61 முதல் 62 வரை, தாள் அதைவிடச் சற்று அகலம். தட்டு விட்டத்தை மூன்று கோணங்களில் அளங்கள். பிளாஸ்டிக் தட்டு நெளிந்திருந்தால் மூன்று எண்ணும் ஒத்துப்போகாது. தண்டை அளக்கும்போது, தாளின் நாக்கைச் செருகும் பிளவு இருக்கும் பக்கத்தைத் தவிர்த்து இரண்டு முனையிலும் நடுவிலும் அளங்கள். பழைய உலோக ஸ்பூல், வெவ்வேறு கம்பெனிகளின் பிளாஸ்டிக் ஸ்பூல் எல்லாவற்றிலும் தண்டு ஒரே அளவில் இருக்கும் என்று எடுத்துக்கொள்ளவே கூடாது.

இப்போது அந்தத் தடயத்துக்கு வருவோம். ஒரு ரோல் முடிந்ததும் காலியாகும் ஸ்பூல்தான் அடுத்த ரோலுக்கு டேக்-அப் ஸ்பூலாக மறுபக்கம் போகிறது. ஆகவே இன்றைய இடைவெளியைத் தீர்மானிப்பது இன்று வாங்கிய ரோலின் ஸ்பூல் இல்லை, போன ரோலின் ஸ்பூல். ரோலுக்கு ரோல் கோளாறு வந்து வந்து போவதற்கு இதைவிட எளிய விளக்கம் இல்லை. கையிலிருக்கும் ஒவ்வொரு காலி ஸ்பூலின் தட்டிலும் மார்க்கரால் ஓர் எழுத்து போடுங்கள். எந்த ரோலுக்கு எது டேக்-அப் ஆனது என்று குறித்து வாருங்கள்.

தடிமனுக்கு மைக்ரோமீட்டர் வேண்டும். இல்லாவிட்டால் பழைய பேக்கிங் பேப்பரைப் பத்து மடிப்பாக அடுக்கி, வெர்னியரால் அழுத்தாமல் அளந்து பத்தால் வகுங்கள். தாள் 0.1 மி.மீ. அளவில் வரும். ஃபிலிம் கம்பெனிக்குக் கம்பெனி மாறும்: இல்ஃபோர்டு எச்பி5 பிளஸ் 120 ரோலின் அடித்தளம் 0.11 மி.மீ. அசிடேட், ஃபோமாபான் ரோல் 0.1 மி.மீ. பாலியெஸ்டர். இதன் மேல் எமல்ஷன் என்னும் ஒளியுணர் பூச்சு. தாளும் ஃபிலிமும் சேர்ந்து 0.20 முதல் 0.24 வரை என்று வைத்துக்கொள்ளலாம்.

கணக்கு ஒன்றும் கடினமில்லை. சுற்றிய நீளத்தைத் தடிமனால் பெருக்கினால், தண்டைச் சுற்றி வளையமாக அடையும் பரப்பு கிடைக்கும். அதைத் தண்டின் குறுக்குவெட்டுப் பரப்போடு கூட்டி, விட்டத்தைத் திரும்பக் கண்டுபிடியுங்கள். உதாரணத்துக்கு: தண்டு 12 மி.மீ., முதல் படத்துக்கு முன் சுற்றும் வெறும் தாள் 400 மி.மீ., தாளும் ஃபிலிமும் சேர்ந்து 0.23, படத்துக்கு 62.5 மி.மீ. நகர்வு. முதல் படம் கடக்கும்போது ஸ்பூலின் சராசரி விட்டம் 14.3 மி.மீ., சுற்றளவு 45. அதாவது ஒரு படத்துக்கு 1.39 சுற்று. பன்னிரண்டாவது படத்தில் விட்டம் 20 தாண்டிவிடும், சுற்றளவு 63, கிட்டத்தட்ட ஒரே சுற்றில் வேலை முடிந்துவிடும். கேமராவின் பல்சக்கரம் இந்த 1.39-இலிருந்து 0.99 வரை இறங்கும்படி வெட்டியது என்று வைத்துக்கொள்வோம்.

இதே கேமராவில் தண்டு 11 மி.மீ. ஆன ஸ்பூலைப் போட்டால்? முதல் நகர்வு 62.5-க்குப் பதில் சுமார் 58.8 ஆகும், இடைவெளி 6.5-இலிருந்து 3-க்குக் கீழே விழும். கடைசியில் ஃபிலிம் பருத்துத் தண்டின் குறையை ஓரளவு மறைத்துவிடுவதால் 4-ஐ ஒட்டித் தேறிவிடும். நீங்கள் சொல்லும் அறிகுறி அப்படியே இதுதான்.

தண்டு சரியாக இருந்து ஃபிலிம் மெலிந்தால் கதை தலைகீழ். 0.23-க்குப் பதில் 0.20 என்றால் முதல் படத்தில் வித்தியாசமே தெரியாது, பன்னிரண்டாவதில் 2 மி.மீ.க்கு மேல் சுருங்கியிருக்கும். ஆக முன்னால் நெருக்கம் என்றால் தண்டைச் சந்தேகியுங்கள், பின்னால் நெருக்கம் என்றால் தடிமனை. ஒழுங்கே இல்லாமல் 7, 2, 6, 0, 5 என்று தாறுமாறாக வந்தால் கணக்கை மூடி வையுங்கள், அது வழுக்கல். உருளை வைத்த கேமராவில் உருளையின் மேல் எண்ணெய்ப் பசை ஏறியிருக்கும். பஞ்சில் ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் தொட்டுத் துடைத்துப் பாருங்கள். ரோல் தளர்வாகச் சுற்றப்பட்டாலும் இப்படி வரும். பென்டகான் சிக்ஸ் என்ற 120 கேமரா வைத்திருப்பவர்கள் ஃபிலிமை நகர்த்தும் இழுநெம்பைச் சட்டென்று விடாமல் கையாலேயே திரும்பக் கொண்டுபோய் விடுவது இதற்காகத்தான். உருளையும் சுத்தம், ரோலும் இறுக்கம், அப்படியும் தாறுமாறு என்றால் மட்டும் கேமராவைப் பிரிக்கத் தெரிந்தவரிடம் போகலாம்.

ஃபிலிம் செலவில்லாமல் சோதிக்க ஒரு வழி உண்டு. காலாவதியான ரோல் ஒன்றைப் பலி கொடுங்கள். பின்கதவைத் திறந்து வைத்துக்கொண்டு, தாளில் உள்ள அம்புக்குறியைக் கேமராவின் தொடக்கப் புள்ளியில் நிறுத்தி, ஒவ்வொரு நகர்வுக்கும் பட வாயின் இரு ஓரத்திலும் தாளின் முதுகில் பென்சில் கோடு போட்டுக்கொண்டே போங்கள். பல கேமராக்களில் பின்கதவைத் திறந்தால் படம் எண்ணும் எண்ணி பூஜ்ஜியத்துக்கு ஓடிவிடும். கதவு மூடும்போது அழுந்தும் சின்ன ஊசி எங்கேயாவது இருக்கும், அதைத் தேடி டேப்பால் அழுத்தி ஒட்டிவிட்டால் எண்ணி ஓடாது. கதவின் அழுத்துத் தட்டு இல்லாததால் தாள் உப்பும். இடது கைவிரலால் லேசாக அணைத்துக்கொள்ளுங்கள். முடிந்ததும் தாளை மேசையில் விரித்து அளந்தால் பன்னிரண்டு எண்களும் கையில். இதையே ஸ்பூலை மாற்றி மாற்றிச் செய்யலாம்.

நிவாரணம் இரண்டு. நல்லது: 12 மி.மீ. தண்டுள்ள பிளாஸ்டிக் ஸ்பூல் ஒன்றை எடுத்து டேக்-அப் பக்கத்துக்கென்றே ஒதுக்குவது. கழுவக் கொடுக்கும்போது அது ரோலோடு போய்விடும், திரும்பக் கேட்டு வாங்க மறக்கக் கூடாது. மற்றது: மெலிந்த தண்டில் காகித மாஸ்கிங் டேப் சுற்றிப் பருக்க வைப்பது. டேப்பின் தடிமன் 0.13 என்றால் நான்கு சுற்றில் விட்டம் ஒரு மி.மீ. ஏறும். தட்டில் இடிக்காதபடி 60 மி.மீ. அகலத்துக்குள் வெட்டி, சுருக்கமில்லாமல் நேராகச் சுற்றி, பிளவின் மேல் பிளேடால் கீறித் திறந்துவிடுங்கள். செல்லோ டேப் வேண்டாம், வெயிலில் கோந்து கசிந்து தாளில் ஒட்டும். கஞ்சிக்கோட்டில் லேத் பட்டறைகளுக்குப் பஞ்சமில்லை, அலுமினியத்திலேயே ஒரு தண்டு கடைந்து தருவார்கள். ஆனால் எனக்குக் கேட்டால் ஓர் இடைவெளிக்காக அது அதிகம்.

டேப் சுற்றும் முன் அந்த மிச்ச ஃபிலிம் அளவைப் பாருங்கள். 120 ஃபிலிம் மொத்தமே 82, 83 செ.மீ.தான். சரியான தண்டில் ஏற்கெனவே ஒழுங்காக ஓடும் கேமராவில் இரண்டு சுற்று டேப் ஒட்டினால் முதல் படத்தில் சுமார் 2, கடைசியில் 1.4 மி.மீ. என்று கூடி, பன்னிரண்டு படத்துக்கு 15 மி.மீ.க்கு மேல் போகும். மிச்சம் அதைவிடக் குறைவு என்றால் பன்னிரண்டாவது படம் ஃபிலிமின் விளிம்பைத் தாண்டித் தாளில் விழும்.

620 ஸ்பூலை யாராவது "இதுவும் அதே ஃபிலிம்தான்" என்று கொடுத்தால் வாங்கி இதில் போடாதீர்கள். ஃபிலிம் அதேதான், ஆனால் தண்டு 120-ஐவிட மிகவும் ஒல்லி, தட்டும் சிறிது, சாவித்துளையும் வேறு. 220 ரோலும் இந்தக் கேமராவுக்கு ஆகாது: படம் ஓடும் பகுதியில் பின்தாளே கிடையாது, தடிமன் கணக்கு முழுக்க மாறிவிடும், சிவப்பு ஜன்னல் இருந்தால் ஒளியும் புகும்.

மழைக்காலம் பற்றியும் ஒரு வார்த்தை. ஜூன், ஜூலை ஈரத்தில் பேக்கிங் பேப்பர் ஊதி அகலம் கூடும், தட்டோடு உரசும், சுற்று இறுக்கமில்லாமல் போகும். மார்கழியில் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று அடிக்கும் நாளில் அளந்த எண்ணும் ஆடி மாதத்து எண்ணும் ஒன்றாக வராவிட்டால் கேமராவைத் திட்ட வேண்டாம். ஃபிரிட்ஜில் வைத்த ரோலை உறையோடு வெளியே எடுத்து, அறைச் சூட்டுக்கு வந்த பிறகே உறையைக் கிழியுங்கள். ஸ்பூலில் ஏற்றும்போது நாக்கைச் செருகி இரண்டு சுற்று வரை கட்டைவிரலால் எதிர்ப்பக்க ரோலை அழுத்திப் பிடித்தே சுற்றுங்கள். தொடக்கத்தில் விழும் தளர்ச்சி, தண்டு பருத்தது போலவே கணக்கைக் கெடுக்கும்.