சீனாவின் சின்ன விமானக் கம்பெனிகளை நம்பி ஏறலாமா?

வேலை விஷயமாகச் சீனாவின் உள்நாட்டு நகரங்களுக்குப் போகவேண்டும், பெயரே கேள்விப்படாத கம்பெனிகள்தான் அங்கே பறக்கின்றன, பயமாக இருக்கிறது என்று கேட்டிருக்கிறீர்கள். ஏறலாம். நான் இயந்திர உதிரிபாகம் வாங்க அடிக்கடி அங்கே போகிறவன், ஏறிக்கொண்டுதான் இருக்கிறேன். ஆனால் உங்கள் பயம் காரணமில்லாதது என்று சொல்லமாட்டேன். அதற்கு 2010-இல் ஒரு காரணம் கிடைத்தது.

ஹெனான் ஏர்லைன்ஸ் என்று ஒரு கம்பெனி. முதலில் அதன் பெயர் குன்பெங். சீனர்களின் பழங்கதையில் ராட்சத மீன் ஒன்று ராட்சதப் பறவையாக மாறும், அந்தப் பெயர்தான். ஷென்சென் ஏர்லைன்சும் அமெரிக்காவின் மெசா நிறுவனமும் கூட்டாகத் தொடங்கியது. அமெரிக்கர்கள் விலகிக்கொண்ட பிறகு ஹெனான் மாகாணத்தின் பெயரைச் சூட்டிக்கொண்டது. பெரிய கம்பெனிகள் சீண்டாத சின்ன ஊர்களுக்குச் சின்ன ஜெட் விடுவது இதன் தொழில்.

2010 ஆகஸ்ட் 24 இரவு, அதன் எம்ப்ரேயர் 190 விமானம் ஒன்று 96 பேரோடு ஹார்பினிலிருந்து கிளம்பியது. போகவேண்டிய இடம் இச்சுன், வடகிழக்கு மூலையில் காடு சூழ்ந்த ஊர். முக்கால் மணி நேரப் பயணம்தான். அங்கே விமான நிலையம் திறந்தே ஒரு வருடம்தான் ஆகியிருந்தது. ஓடுபாதைவரை கைபிடித்து இறக்கிவிடும் ஐ.எல்.எஸ். கருவி அங்கே கிடையாது. குறிப்பிட்ட உயரம்வரை இறங்கலாம், அங்கிருந்து பாதை விமானியின் கண்ணுக்குத் தெரியவேண்டும், தெரியாவிட்டால் மேலே ஏறிவிட வேண்டும். அவ்வளவுதான் விதி. (சைனா சதர்ன் கம்பெனி இந்த ஊருக்கு இரவில் போவதில்லை என்று அதற்கு முந்தைய வருடமே முடிவெடுத்திருந்தது. அதை நினைத்தால் இன்றும் வயிற்றைப் பிசைகிறது.)

அன்று தரையோடு படரும் மூடுபனி. தெளிவான இரவில் மண் சூடு ஆறும்போது பள்ளத்தாக்குகளில் இது சட்டென்று கூடிவிடும். மேலிருந்து நேர் கீழே பார்த்தால் மெல்லிய பனி வழியாக விளக்குகூடத் தெரியும். சாய்வாக உள்ளே இறங்கினால்தான் ஒன்றும் தெரியாது.

பார்வைத்தூரம் 2,800 மீட்டர் என்று விமான நிலையக் கட்டுப்பாட்டுக் கோபுரத்திலிருந்து சொன்னார்கள். கேப்டனுக்கு அந்த ஊருக்கு அதுதான் முதல் பயணம். முதல்முறை போகிறவருக்குக் குறைந்தது 3,600 மீட்டர் தெரியவேண்டும் என்பது அந்தக் கம்பெனியே தன் கையேட்டில் எழுதி வைத்திருந்த விதி. 440 மீட்டர் உயரத்துக்குக் கீழே பாதையைப் பார்க்காமல் இறங்கக்கூடாது என்பதையும் கோபுரம் நினைவூட்டியது. விமானம் பனிக்குள் போனது. பாதை தெரியவில்லை. இறங்கிக்கொண்டே இருந்தார்கள். தரை நெருங்குகிறது என்று கருவி குரல் கொடுத்த பிறகும் மேலே ஏறவில்லை. இரவு 9.38-க்கு, ஓடுபாதைக்கு 690 மீட்டர் முன்னால் தரையில் மோதித் தீப்பிடித்தது. 44 பேர் இறந்தார்கள், 52 பேர் பிழைத்தார்கள்.

பிழைத்தவர்களில் கேப்டனும் ஒருவர். பயணிகளை வெளியேற்றும் கடமையைச் செய்யாமல் தான் இறங்கிப் போய்விட்டார் என்றது விசாரணை. 2014-இல் அவருக்கு 3 ஆண்டு சிறை. 2,102 நாட்களாகப் பெரிய விபத்தே இல்லை என்று சொல்லிக்கொண்டிருந்த சீனாவின் கணக்கு அந்த விபத்து இரவோடு முடிந்தது. ஹெனான் மாகாண அரசோ சில நாட்களிலேயே எங்கள் பெயரைக் கழற்று என்று கம்பெனியிடம் சொல்லிவிட்டது!

கேப்டன்மேல் மட்டும் பழியைப் போட்டுவிட்டுப் போகலாம். விசாரணை அறிக்கையே அப்படிச் செய்யவில்லை. ஹெனான் ஏர்லைன்சின் நிர்வாகம் பலவீனம், தாய்க் கம்பெனி ஷென்சென் சரியாகக் கவனிக்கவில்லை என்றும் எழுதியது. விபத்துக்குப் பிறகு இன்னொன்றும் வெளியே வந்தது. அனுபவக் கணக்கில் பொய் எழுதிய விமானிகள் 200-க்கும் மேல் என்று விமானத்துறை முன்பே கண்டுபிடித்திருந்தது, அவர்களில் பாதிக்கு மேல் ஷென்சென் ஏர்லைன்ஸ் ஆட்கள். வேகமாகக் கிளைவிடுகிற தொழிலில் நல்ல கேப்டன் சந்தையில் கிடைக்கிற சரக்கு இல்லை. விமானத்தைக் கடனில் வாங்கலாம், அனுபவத்தை எங்கே வாங்குவது?

அப்புறம் கட்டுப்பாடு இறுகியது. அடுத்த பெரிய விபத்து 2022 மார்ச்சில்தான், அதுவும் சின்னக் கம்பெனி இல்லை, சைனா ஈஸ்டர்ன், 132 பேர் போனார்கள். நடுவில் 2018-இல் சிச்சுவான் ஏர்லைன்ஸ் விமானத்தில் சுமார் 9,800 மீட்டர் உயரத்தில் காக்பிட் கண்ணாடி பிய்த்துக்கொண்டு போனது. துணை விமானி பாதி உடம்பு வெளியே இழுபட்டும், கேப்டன் லியூ சுவான்ஜியான் செங்டூவில் எல்லாரையும் உயிரோடு இறக்கினார். 2022 மே மாதம் சோங்சிங்கில் டிபெட் ஏர்லைன்ஸ் விமானம் கிளம்பும்போது பாதையைவிட்டு விலகி எரிந்தது, 122 பேரும் தப்பினார்கள்.

ஆகவே கம்பெனி பெயரைவிட, போகிற ஊர் எப்படிப்பட்டது, எந்த நேரத்தில் இறங்குகிறது என்று பாருங்கள். மலையோ காடோ சூழ்ந்த சின்ன நிலையமென்றால் நான் பகல் விமானமாகப் பார்த்துத்தான் டிக்கெட் போடுகிறேன், அதே நாளில் சந்திப்பு வைப்பதில்லை. ஒருமுறை இப்படித்தான், ஒரு சின்ன ஊருக்கு மேலே இரண்டு சுற்று சுற்றிவிட்டு, பனி என்று கிளம்பிய இடத்துக்கே கொண்டுவந்து விட்டார்கள். பக்கத்து இருக்கைக்காரர் விமானப் பணிப்பெண்ணிடம் அரைமணி நேரம் சண்டை போட்டார். எனக்கு அந்த 3,600 மீட்டர்தான் நினைவுக்கு வந்தது. பேசாமல் பெட்டியை எடுத்துக்கொண்டு மறுநாள் காலை விமானத்துக்கு வரிசையில் நின்றேன்.