பிராக்கெட்டை ஒட்டியது சரி, கூடுதல் பிளேட் வேண்டாம்

கேள்வி: ஒட்டன்சத்திரம் பக்கம் காய்கறி ஏற்றும் பிக்கப் வைத்திருக்கிறேன். பின்பக்க பிளேட்டை (லீஃப் ஸ்பிரிங்) தாங்கும் பிராக்கெட் துருப்பிடித்து விரிசல் விட்டது. மச்சானிடம் வெல்டிங் மிஷின் இருந்ததால் வீட்டு வாசலிலேயே சேசிஸோடு (வண்டியின் அடிச்சட்டம்) சேர்த்து வெல்டிங் அடித்துவிட்டோம். லோடு ஏற்றினால் பின்பக்கம் அமுங்குகிறது. இருபுறமும் புது பிராக்கெட் வைத்து இன்னொரு பிளேட் செட் போடலாம் என்கிறார் மச்சான். அடுத்த மாதம் எஃப்சி (தகுதிச் சான்று) எடுக்க வேண்டும். சிக்கல் வருமா?

பதில்: உடைந்ததைச் சரிசெய்வது வேறு, இல்லாததைச் சேர்ப்பது வேறு. சட்டம் இரண்டையும் ஒன்றாகப் பார்ப்பதில்லை.

மோட்டார் வாகனச் சட்டம் 1988-இன் 52ஆவது பிரிவுதான் இங்கே முக்கியம். வண்டியின் அமைப்பை மாற்றி, அதனால் அடிப்படைத் தன்மையே மாறிப்போனால்தான் அது 'மாற்றம்' என்று அந்தப் பிரிவே விளக்குகிறது. பழைய இடத்தில், பழைய அளவில் பிராக்கெட்டை ஒட்டியது பழுதுபார்ப்புதான் என்பது என் கருத்து. வாசலில் வைத்துச் செய்தீர்கள் என்பதற்காக அது குற்றமாகிவிடாது.

மச்சான் சொல்லும் இரண்டாவது வேலைக்கு மட்டும் தயவுசெய்து இறங்காதீர்கள். தயாரிப்பாளர் கொடுத்த மூல அமைப்பிலிருந்து வண்டியை மாற்றக் கூடாது என்று 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் தெளிவாகச் சொல்லிவிட்டது. அதே ஆண்டு சட்டத்தைத் திருத்தி 182ஏ பிரிவைப் புதிதாக மாற்றி எழுதினார்கள். அனுமதியில்லாத மாற்றம் செய்த உரிமையாளருக்கு 6 மாதம் வரை சிறை, அல்லது ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். அப்புறம், பிளேட்டைக் கூட்டினால் வண்டி அமுங்காமல் நிற்கலாம், ஆனால் ஆர்சியில் எழுதியிருக்கும் எடை ஒரு கிலோகூட ஏறாது. அதிக பாரத்துக்கு அபராதம் 20,000 ரூபாய், கூடுதலான ஒவ்வொரு டன்னுக்கும் இன்னும் 2,000.

எனக்கு உண்மையான கவலை விபத்தைப் பற்றியது. கையில் வந்த ஒரு வழக்குக் கட்டில் இன்சூரன்ஸ் சர்வேயர் எடுத்த போட்டோ இன்னும் கண்ணில் நிற்கிறது. சேசிஸில் கறுப்பு பெயின்ட், அதன் அடியில் பாதி பிடித்தும் பாதி பிடிக்காமலும் ஒரு வெல்டிங் கோடு. யார் செய்தது, எப்போது செய்தது என்று கேட்டபோது காட்ட ஒரு பில்கூட இல்லை. இப்படி இருந்தால் வண்டியின் சொந்தச் சேதத்துக்கான இன்சூரன்ஸ் தொகையை நிறுவனம் மறுக்கப் பார்க்கும். குறை தெரிந்தும், அல்லது சாதாரணக் கவனம் இருந்தால் தெரிந்திருக்கும் என்ற நிலையிலும், வண்டியை ஓட்டி ஒருவருக்கு அடிபட்டால் மோட்டார் வாகனச் சட்டத்தின் 190ஆவது பிரிவு வரும். உயிரே போய், காரணம் அந்த வெல்டிங்தான் என்றானால் பாரதிய நியாய சம்ஹிதாவின் 106ஆவது பிரிவில் 5 ஆண்டு வரை சிறைக்கு இடமிருக்கிறது. மச்சானும் அந்த வழக்குக்குள் வரலாம்.

அதனால் எஃப்சிக்கு முன்பே கம்பெனி சர்வீஸ் சென்டருக்கோ நல்ல பிளேட் பட்டறைக்கோ போய் அந்த இடத்தைக் காட்டுங்கள். சேசிஸில் சூடு பட்ட இடத்தில் இரும்பு வலுவிழந்திருக்கலாம், அதைப் பார்த்துச் சொல்ல அனுபவக் கை வேண்டும். கம்பெனி பிராக்கெட்டையே மாற்றி, வண்டி எண் போட்ட பில் வாங்குங்கள். வேலைக்கு முன்னும் பின்னும் போட்டோ எடுங்கள். சேசிஸ் நம்பர் குத்தியிருக்கும் இடத்தில் கிரைண்டர் படவே கூடாது. பெயின்ட் அடித்து எதையும் மறைக்காமல், பிரேக் இன்ஸ்பெக்டர் (மோட்டார் வாகன ஆய்வாளர்) கேட்டால் நடந்ததைச் சொல்லி பில்லைக் காட்டுங்கள்.