காரில் வைக்க எந்தத் தீயணைப்பான் வாங்கலாம்? தீப்பிடித்தால் எப்படிப் பயன்படுத்துவது?

ஐஎஸ்ஐ முத்திரையுள்ள 1 கிலோ ஏபிசி பவுடர் சிலிண்டர் வாங்குங்கள். சீட் துணி, பெட்ரோல், கேஸ் மூன்றுக்கும் அது கேட்கும். வயர் ஷார்ட் ஆகிப் பிடித்த தீயிலும் அடிக்கலாம். மீட்டர் முள் பச்சையில் இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். டிக்கியில் போட்டுவிடாதீர்கள், அவசரத்தில் கைக்கு வராது. டிரைவர் சீட்டுக்குக் கீழே கிளாம்ப் போட்டு மாட்டுவதுதான் சரி.

புகை வந்தால் உடனே ஓரங்கட்டி, இன்ஜினை அணைத்து, எல்லோரையும் இறக்கித் தள்ளி நிற்க வையுங்கள். 101 அல்லது 112-க்கு ஒருவர் போன் செய்யட்டும். தீயணைப்பான் அதற்கு அப்புறம்தான்.

பலர் தவறுவது பானெட்டில். புகையைப் பார்த்ததும் முழுசாகத் திறந்துவிடுகிறார்கள். காற்று உள்ளே பாய்ந்து தீ முகத்துக்கு எழும்பும். உள்ளிருந்து லாக்கை மட்டும் இழுத்துவிட்டு, அந்தச் சின்ன இடைவெளி வழியாக அடியுங்கள். இடைவெளி இல்லையென்றால் முன்பக்க கிரில் வழியாக. பின்னைப் பிடுங்கி, காற்று உங்கள் முதுகுப் பக்கம் இருக்கும்படி நின்று, தீயின் அடியைக் குறிபார்த்து பிடியை அழுத்தி, பவுடரை இடமும் வலமுமாக அடியுங்கள். 1 கிலோ பவுடர் சுமார் 10 நொடிதான் வரும், அதனால் தூரத்திலிருந்து வீணாக்க வேண்டாம்.

தீ பெட்ரோல் டேங்க் பக்கம் போய்விட்டாலோ, எலக்ட்ரிக் காரின் பேட்டரியே எரிந்தாலோ முயலவே வேண்டாம். பேட்டரித் தீ இந்தப் பவுடருக்கு அடங்காது, அணைந்த மாதிரி தெரிந்து மறுபடியும் பிடிக்கும். விலகி ஓடுங்கள், கார் போனால் போகட்டும்.