மாத்திரை ஒத்துக்கொள்ளவில்லை, ரத்தமும் ஏறவில்லை

கேள்வி: என் வயது 34. ஆறு வருடமாக ஐ.பி.எஸ். (குடல் எரிச்சல் நோய்) இருக்கிறது. ஒரு வாரம் மலச்சிக்கல், அடுத்த வாரம் வயிற்றுப்போக்கு. மூன்று மாதம் முன்பு ரத்தம் பார்த்தபோது ஹீமோகுளோபின் 9.8, உடலின் இரும்புச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டின் 7. டாக்டர் இரும்புச்சத்து மாத்திரை எழுதித் தந்தார். தினமும் காலை டீயோடு போட்டேன். நாலாம் நாளே வயிறு கல்லாகி, முறுக்கி வலித்தது. நிறுத்திவிட்டேன். பருப்பு, பயறு சாப்பிட்டால் உப்புசம். இறைச்சி எப்போதாவதுதான். இப்போது மாடிப்படி ஏறினாலே மூச்சு வாங்குகிறது. மாத்திரையை நிறுத்தியதை டாக்டரிடம் இன்னும் சொல்லவில்லை. என்ன செய்யட்டும் மேடம்?

பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: உங்கள் கடிதத்தின் கடைசி வரியிலிருந்தே தொடங்குகிறேன், சகோதரி. முதலில் டாக்டரிடம் சொல்லிவிடுங்கள். இதை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். 29 வயதில் எனக்கும் இதே வயிறு, இதே மாத்திரை. பத்து நாள் போட்டுவிட்டு, மீதி அட்டைகளை அலமாரியில் கைக்குட்டைகளுக்கு அடியில் வைத்துவிட்டேன். அடுத்த பரிசோதனையிலும் அளவு ஏறவில்லை. மருந்து போதவில்லை என்று நினைத்து டாக்டர் அளவைக் கூட்டினார். நான் எதிரே வாய் திறக்காமல் உட்கார்ந்திருந்தேன். அந்த நாட்களில் இரவு எழுந்து போய் ஃப்ரீஸரிலிருந்து ஐஸ் கட்டிகளை எடுத்துக் கடக் கடக்கென்று கடித்துத் தின்பேன். ஒரு தட்டு முழுக்கக் காலியாகும். ஐஸ் மேல் வரும் அந்த அடங்காத ஆசை இரும்புச்சத்துக் குறைவின் ஓர் அறிகுறி என்று அப்போது எனக்குத் தெரியாது. பிறகு ஒழுங்காகச் சிகிச்சை எடுத்ததும் அந்த ஆசை தானாகவே விட்டுப்போனது.

அடுத்து, பலர் கேட்க மறக்கும் கேள்வி. இரும்பு எங்கே போகிறது? ஐ.பி.எஸ். குடலில் புண் உண்டாக்காது, ரத்தம் கசியவிடாது. அதனால் ஃபெரிட்டின் 7-க்கு இறங்கியதை அதன் கணக்கில் எழுதிவிட்டுப் போக முடியாது. உங்கள் வயதில் முதல் சந்தேகம் மாதவிடாய்தான். ஒரு மில்லி ரத்தத்தில் சுமார் அரை மில்லிகிராம் இரும்பு இருக்கிறது. உடலோ ஒரு நாளைக்கு 1 முதல் 2 மில்லிகிராம்தான் உணவிலிருந்து உள்வாங்கும். மணிக்கு ஒரு நாப்கின் மாற்ற வேண்டியிருந்தால், ஏழு நாளுக்கு மேல் போனால், கட்டி கட்டியாக விழுந்தால், அதை வெட்கப்படாமல் சொல்லுங்கள். அந்த ரத்தப்போக்கை நிறுத்தாமல் இரும்பை மட்டும் ஊற்றிக்கொண்டிருப்பது ஓட்டைக் குடத்தில் தண்ணீர் பிடிப்பதுதான்.

சீலியாக் நோய்க்கான ரத்தப் பரிசோதனையையும் கேட்டு வாங்குங்கள். கோதுமையில் இருக்கும் குளூட்டனால் சிறுகுடலின் உட்சுவர் சேதமாகும் நோய் அது. ஐ.பி.எஸ். போலவே வேஷம் போடும். சிலருக்கு இரும்புக் குறைவு ஒன்றுதான் வெளியே தெரியும். அந்தப் பரிசோதனை முடியும்வரை கோதுமையை நிறுத்தாதீர்கள், நிறுத்தினால் முடிவு தப்பாக வரலாம். இரைப்பையில் ஹெலிகோபேக்டர் கிருமி இருக்கிறதா, குடலில் அழற்சி இருக்கிறதா என்பதையும் டாக்டர் பார்ப்பார். நெஞ்செரிச்சலுக்கு அமிலத்தைக் குறைக்கும் மாத்திரை நெடுநாளாகப் போடுகிறீர்கள் என்றால் அதையும் சொல்லுங்கள். இரும்பு கரைய இரைப்பை அமிலம் வேண்டும்.

சரி, மாத்திரைக்கு வருவோம். 325 மில்லிகிராம் ஃபெரஸ் சல்ஃபேட் மாத்திரை ஒன்றில் இரும்பு மட்டும் 65 மில்லிகிராம். அதில் கொஞ்சம்தான் சிறுகுடலின் தொடக்கத்தில் உள்ளே போகும். மீதி அப்படியே பெருங்குடலுக்கு இறங்குகிறது. உங்கள் வயிறு கல்லானதற்கும் முறுக்கியதற்கும் இந்த மீதிதான் பெரும்பாலும் காரணம். இன்னொன்றும் உண்டு. இவ்வளவு இரும்பு ஒரே தடவையில் போனதும் கல்லீரல் ஹெப்சிடின் என்ற ஹார்மோனைச் சுரந்து குடலின் கதவைச் சுமார் ஒரு நாளைக்கு ஒடுக்கிவிடுகிறது. மறுநாள் போடும் மாத்திரையில் உள்ளே போகும் பங்கு குறையும், வெளியே தங்கித் தொல்லை தரும் பங்கு கூடும். அதனால்தான் ஒருநாள் விட்டு ஒருநாள் போடும் முறை வந்தது. தினம் ஒன்று தாங்காதவர்களுக்கு இப்படிக் கொடுக்கலாம் என்று பிரிட்டனின் இரைப்பை குடலியல் மருத்துவர் சங்கமே 2021-இல் வெளியிட்ட வழிகாட்டுதலில் சொல்கிறது. உங்கள் டாக்டரிடம் இதைக் கேளுங்கள். அதுவும் தாங்காவிட்டால் ஃபெரஸ் குளூக்கோனேட் போல இரும்பு குறைவாக இருக்கும் வகையோ, அளவைச் சொட்டுச் சொட்டாகக் கூட்டிக்கொள்ள வசதியான திரவ மருந்தோ இருக்கிறது. எனக்குக் கடைசியில் ஒத்துவந்தது திரவம்தான். கால் அளவில் தொடங்கி, வாரத்துக்கு ஒரு படி என்று ஏற்றினேன். பல் கறுக்காமல் இருக்க உறிஞ்சுகுழல் வைத்துக் குடியுங்கள்.

வெறும் வயிற்றில் போட்டால் நன்றாகச் சேரும், உண்மைதான். ஆனால் குமட்டி நிறுத்திவிடுவதைவிட, கொஞ்சம் சாப்பிட்டுவிட்டுப் போட்டுத் தொடர்வது எவ்வளவோ மேல். டீ, பால், கால்சியம் மாத்திரை இவை மட்டும் கூடவே வேண்டாம். மலம் கறுப்பது இயல்பு, பயப்படாதீர்கள். தார் போல ஒட்டிக்கொண்டு, கடும் நாற்றத்தோடு போனால் மட்டும் உடனே டாக்டரைப் பாருங்கள். இத்தனைக்குப் பிறகும் வயிறு இடம் கொடுக்கவில்லை என்றால் இரும்பை ஊசி மூலம் ரத்தக்குழாய் வழியாக ஏற்றலாம். அதைத் தோல்வி என்று நினைக்க வேண்டாம்.

இனி சாப்பாடு. ஃபெரிட்டின் 7-ஐ உணவு மட்டும் தூக்கி நிறுத்தாது, அதை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். ஆனால் ஏறியதைத் தக்கவைக்க உணவுதான் வேண்டும். பருப்பை அடியோடு விட்டுவிடாதீர்கள். உப்புசத்துக்குக் காரணம் அதில் இருக்கும் ஒருவகைச் சர்க்கரை. நம் குடலால் அதைச் செரிக்க முடியாது, பெருங்குடல் பாக்டீரியாக்கள் அதைப் பிடித்துக்கொண்டு வாயு கிளப்பும். நல்லவேளை, அது தண்ணீரில் கரையும். நான் இரவு முழுக்க ஊறப்போடுவேன். காலையில் கிண்ணத்தின் ஓரத்தில் வெள்ளையாக நுரை கட்டியிருக்கும். அந்தத் தண்ணீரைக் கொட்டி, இரண்டு முறை அலசி, புதுத் தண்ணீரில் குழைய வேகவைத்து, வெந்த தண்ணீரையும் வடித்துவிடுவேன். முதல் வாரம் இரண்டே மேசைக்கரண்டி. வயிறு சும்மா இருந்தால் அடுத்த வாரம் மூன்று. இப்படியே அரைக் கப் வரை வந்தேன், அதற்கு நான்கு மாதம் ஆனது. அரைக் கப் வெந்த மசூர்ப் பருப்பில் சுமார் 3 மில்லிகிராம் இரும்பு.

கீரையை மட்டும் நம்பி உட்கார்ந்துவிடாதீர்கள். அதில் இருக்கும் இரும்பில் சிறு பங்குதான் உடலில் சேரும். இறைச்சி, மீனில் இருக்கும் இரும்பு எளிதாகச் சேரும், கூடவே சாப்பிடும் பருப்பு, கீரையிலுள்ள இரும்பையும் இழுத்துக்கொண்டு போகும். சாப்பிடும் பழக்கம் இருப்பதால் வாரம் இரண்டு முறை, எண்ணெய் குறைத்து, சிறு துண்டுகளாகச் சேர்த்துப் பாருங்கள். எலுமிச்சை, குடமிளகாய், ஆரஞ்சு என்று வைட்டமின் சி உள்ள ஏதாவது ஒன்று அதே வேளையில் தட்டில் இருக்கட்டும். எலுமிச்சையை அடுப்பை அணைத்த பிறகு பிழியுங்கள், சூட்டில் அந்தச் சத்து போய்விடும்.

டீயை நீங்கள் விட வேண்டாம், நேரத்தை மாற்றினால் போதும். 1983-இல் வந்த ஓர் ஆய்வில், உணவோடு டீ குடித்தபோது இரும்பு சேர்வது 64 சதவீதமும் காபி குடித்தபோது 39 சதவீதமும் குறைந்தது. சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் முன்பு குடித்த காபி ஒன்றும் செய்யவில்லை. ஒரு மணி நேரம் கழித்துக் குடித்தது கூடவே குடித்ததைப் போலவே கெடுத்தது. எழுந்ததும் டீ, ஒரு மணி நேரம் போன பிறகு உணவு. இதை நான் இன்றுவரை மாற்றவில்லை.

சிகிச்சை சரியாக அமைந்தால் நான்கு வாரத்தில் ஹீமோகுளோபின் 1 முதல் 2 புள்ளி வரை கூடும். சரியான அளவுக்கு வந்த பிறகும் சேமிப்பு நிரம்ப இன்னும் மூன்று மாதம் தொடர வேண்டும். அதற்குள் உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கினால், மயக்கம் வந்தால், நெஞ்சு வலித்தால், அடுத்த பரிசோதனைத் தேதிவரை காத்திருக்காதீர்கள்.

கேள்வி: வயது 61, ஆண். எனக்கும் வயிறு அடிக்கடி கெடும். ஹீமோகுளோபின் 10.4, இரும்புச்சத்து குறைவு என்றார்கள். மூலம் இருப்பதால்தான் என்று நினைக்கிறேன். மனைவியின் இரும்பு மாத்திரை வீட்டில் மீதி இருக்கிறது. அதையே போட்டுக்கொள்ளலாமா?

பதில்: வேண்டாம் ஐயா. மூலம் என்று நீங்களாக முடிவு கட்டாதீர்கள். உங்கள் வயதில் ஆணுக்கு இரும்பு குறைந்தால் வயிற்றிலோ குடலிலோ எங்காவது ரத்தம் கசிகிறதா என்றுதான் முதலில் பார்க்க வேண்டும். கண்ணுக்குத் தெரியாமலே மாதக்கணக்கில் கசியும். புண்ணாக இருக்கலாம், கட்டியாகவும் இருக்கலாம். கட்டியாக இருந்தால் சீக்கிரம் கண்டுபிடிப்பதில்தான் எல்லாம் இருக்கிறது. குழாய் கேமரா விட்டு இரைப்பையைப் பார்க்கும் எண்டோஸ்கோபியும் பெருங்குடலைப் பார்க்கும் கொலோனோஸ்கோபியும் வேண்டுமென்று டாக்டர் சொன்னால் தள்ளிப்போடாதீர்கள். மாத்திரையால் அளவு கொஞ்சம் ஏறி, சரியாகிவிட்டது என்று நீங்கள் இருந்துவிடுவீர்களோ என்பதுதான் என் கவலை. இந்த வாரமே போங்கள். மூட்டுவலிக்கோ இதயத்துக்கோ ஏதாவது மாத்திரை போடுகிறீர்கள் என்றால் அந்த அட்டைகளையும் கையோடு எடுத்துப் போங்கள்.