கோத்தகிரி 5.1 செட்டு வேண்டாம் தம்பி, கல்யாண வீடியோவ முதல்ல ஓட வைப்போம்

தம்பி, உன் மெசேஜ ரெண்டு தடவ படிச்சேன். கனடால பிராம்ப்டன் வந்து மூணு மாசம் ஆச்சு, பேஸ்மென்ட்ல வாடகைக்கு இருக்க, புது 4கே டிவி வாங்கிட்ட, அக்கா கல்யாண வீடியோவ ஹார்ட் டிஸ்க்ல கொண்டு வந்திருக்க, அத டிவில சொருகினா நலங்கு ஃபைல் படம் மட்டும் ஓடுது சத்தம் வரல, முகூர்த்த ஃபைல் சப்போர்ட் இல்லன்னு வருது, அதனால கோத்தகிரி வீட்டுல சும்மா கிடக்குற 5.1 ஹோம் தியேட்டர (அஞ்சு ஸ்பீக்கர், அடிச்சத்தத்துக்கு ஒரு சப்வூஃபர்) நான் லீவு முடிஞ்சு திரும்பும்போது எடுத்துட்டு வர முடியுமா, இதுதானே கேள்வி? குன்னூர்ல மூணு நாளா மழ விடல, மேட்டுப்பாளையம் ரோட்ல மண்சரிவுன்னு பேசிக்கறாங்க, கரண்ட் வர்றதும் போறதுமா இருக்கு, வேற வேலையும் இல்ல, உக்காந்து எழுதுறேன்.

எடுத்துட்டு வர மாட்டேன். கோவிச்சுக்காத.

உன் செட்டு 230 வோல்ட்டுக்கு செஞ்சது, அங்க சுவத்துல வர்றது 120. லேப்டாப் சார்ஜர், போன் சார்ஜர்ல எல்லாம் 100-240னு போட்டிருக்கும், அதெல்லாம் எங்க சொருகினாலும் ஓடும், ஆனா இந்த மாதிரி ஆம்ப்ளிஃபயர் பின்னாடி 220-240னு மட்டும்தான் இருக்கும், ஸ்டெப் அப் டிரான்ஸ்ஃபார்மர் இல்லாம அங்க உயிர் வராது. டிரான்ஸ்ஃபார்மர் செங்கல் கனம் கனக்கும், அதுக்கும் காசு, அதுக்கும் ஒரு ஓரம் வேணும். நான் இத தலகீழா பட்டவன். வேலைக்குப் போன புதுசுல அங்கிருந்து ஒரு சப்வூஃபர் வாங்கி அப்பாவுக்குன்னு ஆசையா குன்னூருக்கு தூக்கிட்டு வந்தேன், பின் மாத்துற அடாப்டர் மட்டும் போட்டு சுவிட்ச தட்டினேன், ஒரே 'டப்', அப்புறம் கருகின வாட, அம்மா கேஸ் அடுப்பத்தான் போயி பாத்தாங்க. பின் அடாப்டர் பின்னத்தான் மாத்தும், வோல்டேஜ மாத்தாதுன்னு அன்னைக்கு தெரிஞ்சுக்கிட்டேன். அப்பா ஊட்டி எச்.பி.எஃப்ல, அதான் அந்த ஃபோட்டோ ஃபிலிம் ஃபேக்டரில இருந்தவரு, ஃபிலிமுக்கு மருந்து பூசுற பக்கம், பாதி சர்வீஸ் இருட்டுலயே போச்சு. ஃபேக்டரியே மூடியாச்சு, ஆனா அந்த சப்வூஃபர் பெட்டி மேல இன்னைக்கும் பூந்தொட்டி வெச்சிருக்காரு, நான் வர்றப்பல்லாம் அத ஒருவாட்டி பாத்து சிரிப்பாரு.

சரி, விஷயத்துக்கு வர்றேன். ஸ்பீக்கர் மாத்தினா உன் பிரச்சன தீராது, ஏன்னா கோளாறு ஃபைல்ல இருக்கு. எம்கேவி, எம்பி4, எம்ஓவின்னு ஃபைல் பேருக்கு பின்னாடி வர்றதெல்லாம் வெறும் டீத்தூள் டப்பா, உள்ள இருக்கறது டஸ்ட்டா லீஃபான்னு டப்பாவ பாத்தா தெரியாது. உள்ள படம் ஒரு முறையில சுருக்கி வெச்சிருக்கும், சத்தம் வேற முறையில, ரெண்டையும் பிரிச்சு படிக்க டிவிக்கு தெரிஞ்சிருக்கணும். லேப்டாப்ல மீடியாஇன்ஃபோன்னு ஒரு இலவச சாஃப்ட்வேர் போட்டு ஃபைல அதுல திற, எல்லாம் புட்டு புட்டு வெக்கும்.

கல்யாண வீடியோகிராஃபர்ங்க இப்போ கேமராவுல எச்.264 (படத்த சுருக்குற ஒரு முறை), 10 பிட், 4:2:2னு எடுக்கறாங்க. நிற விவரம் இதுல அதிகமா இருக்கும், எடிட்டிங்ல பட்டுப்புடவ கலர ஏத்தி இறக்க வசதி. ஆனா டிவிக்குள்ள இருக்குற சிப்பு நிற விவரம் கம்மியான 4:2:0க்கு பழகினது, டிவி ஒளிபரப்பு, ப்ளூரே, ஸ்ட்ரீமிங் எல்லாமே நம்ம வீட்டுக்கு வர்றது அந்த வகைலதான். எடிட் பண்ணவரு அவசரத்துல அதே ஃபார்மேட்லயே எக்ஸ்போர்ட் பண்ணி குடுத்துட்டா டிவி கைய விரிச்சுடும். முகூர்த்த ஃபைலுக்கு இதுதான் நடந்திருக்கும்னு என் கணிப்பு. நலங்குல படம் வந்து சத்தம் வரலன்னா அது அனேகமா சுருக்காத பிசிஎம் சத்தம், எம்ஓவி டப்பாவுக்குள்ள அத வெச்சா சில டிவிங்களுக்கு புரியாது. ப்ளூரேல இருந்து எடுத்த படங்கள்ல சத்தம் இல்லாம போறது வேற கத, அங்க பெரும்பாலும் டிடிஎஸ்னு வேற சத்த முறை, அதுக்கு லைசன்ஸ் இல்லாத டிவிங்க ஊமப்படமாத்தான் ஓட்டும்.

மருந்து இதுதான். ஹேண்ட்பிரேக்னு வீடியோ ஃபார்மேட் மாத்துற சாஃப்ட்வேர் இறக்கிக்க, அதுவும் இலவசம், படத்துக்கு எச்.265 10 பிட், சத்தத்துக்கு ஏஏசின்னு சுருக்குற முறை வெச்சு மாத்து, ராத்திரி ஓட விட்டுட்டு படுத்துடு, காலைல பழைய லேப்டாப்னா இன்னும் ஓடிட்டுதான் இருக்கும், பரவால்ல. ஒரிஜினல மட்டும் அழிச்சுடாத. நொடிக்கு 100 மெகாபிட்ல எடுத்த வீடியோ ஒரு மணி நேரத்துக்கு 45 ஜிபி வரும், அத 25க்கு கொண்டு வந்தா 11 ஜிபி சொச்சம், டிவில உக்காந்து பாக்குற தூரத்துல அக்கா முகத்துல வித்தியாசம் தெரியவே தெரியாது. ஃப்ரேம் ரேட் மட்டும் கை வெக்காத, 'சேம் ஆஸ் சோர்ஸ்'னு விட்டுடு. நம்ம ஊர்ல நொடிக்கு 25 ஃப்ரேம்ல எடுக்கறவங்க நெறைய பேரு, கனடா டிவி 60 ஹெர்ட்ஸ், அதாவது நொடிக்கு 60 தடவ படத்த புதுப்பிக்கும், லேப்டாப்ல இருந்து எச்டிஎம்ஐல போட்டேன்னா 25ம் 60ம் ஒத்துப்போகாம ஊர்வலத்துல ஆளுங்க விட்டு விட்டு நடக்கற மாதிரி தெரியும், அப்போ டிஸ்ப்ளே செட்டிங்ல 50 ஹெர்ட்ஸ் வெச்சுப் பாரு, டிவி ஏத்துக்கிட்டா வழுக்கிட்டு போகும். லேப்டாப்ல விஎல்சி ப்ளேயர்ல நேரா ஓட்டலாம், ஆனா அந்த 4:2:2 ஃபைல பெரும்பாலான லேப்டாப்ல கிராஃபிக்ஸ் சிப்பு தொடாது, ப்ராசசரே மொத்தத்தையும் இழுக்கும், ஃபேன் மல ஏறுற பஸ்ஸு மாதிரி கத்தும். மாத்தின ஃபைல் 4 ஜிபிக்கு மேல இருந்தா பென் டிரைவ் எஃப்ஏடி32ங்கற பழைய ஃபார்மேட்ல இருக்க கூடாது, அவ்வளவு பெரிய ஃபைல அது ஏத்துக்காது, எக்ஸ்ஃபேட்டா மாத்திக்க.

இப்போ சத்தத்துக்கு. நீ இருக்கறது பேஸ்மென்ட், மேல வீட்டுக்காரங்க குடும்பம். அங்க வீடு பூரா மரச்சட்டம், மேல ஜிப்சம் பலக, நம்ம குன்னூர் கருங்கல் சுவரு மாதிரி இல்ல. பறை, மேளம்னு நீ சப்வூஃபர்ல விட்டேன்னா மேல அவங்க கட்டிலு அதிரும், கிரெடிட் ஹிஸ்டரி இல்லாத காலத்துல உன்ன நம்பி வீடு குடுத்தவங்கள பகைச்சுக்காத. ஒரு சாதாரண சவுண்ட்பார் போதும், டிவில ஏஆர்சின்னு (டிவி சத்தத்த வெளிய அனுப்புற வழி) எழுதியிருக்க எச்டிஎம்ஐ ஓட்டைல சொருகு, டிவி ரிமோட்லயே சத்தம் ஏறும் இறங்கும். டிசம்பர் 26 பாக்ஸிங் டே சேல் வரும், அதுவரைக்கும் பொறுத்துக்க. செகண்ட் ஹேண்ட்ல பெரிய ரிசீவர் சல்லிசா கிடைக்குதேன்னு தூக்கிட்டு வந்துடாத, எச்டிசிபி 2.2 (காப்பி எடுக்காம தடுக்குற பூட்டு முறை) இல்லாத பழைய பெட்டின்னா ஸ்ட்ரீமிங்க அது வழியா 4கேல காட்டாது. படம் பாக்கும்போது பாட்டு அதிருது, பேச்சு மட்டும் முணுமுணுப்பா கேக்குதுன்னா, 5.1ல பேச்சு நடு ஸ்பீக்கருக்குத்தான் போகும், உன்கிட்ட அது இல்ல, டிவி ஆடியோ செட்டிங்ல பிசிஎம் ஸ்டீரியோ வெச்சு, பெரிய சத்தத்த அடக்குற நைட் மோட் ஆன் பண்ணு.

இன்னொன்னு, நீ கேக்கல, ஆனாலும் சொல்றேன். ஊர்ல பழகின மாதிரி புதுப்படத்த டொரண்ட்ல இழுக்காத. அங்க 2015ல இருந்து ஒரு சட்டம் இருக்கு, படத்துக்கு சொந்தக்காரங்க அனுப்புற நோட்டீஸ இன்டர்நெட் கம்பெனி கனெக்‌ஷன் யார் பேர்ல இருக்கோ அவங்களுக்கு அனுப்பி வெச்சே ஆகணும். உன் வைஃபை யார் பேர்ல இருக்கு? மேல வீட்டுக்காரர் பேர்ல.

உங்க அம்மாகிட்ட நேத்து பேசிட்டேன், செட்ட பேக் பண்ண வேண்டாம்னு சொல்லிட்டேன், அவங்களுக்கு கொஞ்சம் ஏமாத்தம்தான், துணி சுத்தி ரெடியா வெச்சிருந்தாங்களாம். அதுக்கு பதிலா வீடியோகிராஃபர பாத்து மொத்த ஃபைலயும் இன்னொரு ஹார்ட் டிஸ்க்ல காப்பி வாங்கி வீட்டு பீரோல வெக்க சொல்லியிருக்கேன், கையில ஒரே காப்பி வெச்சுக்கிட்டு நீ அத தினமும் பையில போட்டு பஸ்ல சுத்துறன்னு கேள்விப்பட்டு எனக்கு பகீர்னு ஆயிருச்சு. ரெண்டு ஃபைலோட மீடியாஇன்ஃபோவயும் எனக்கு அனுப்பு. அந்த செட்டு எடம் புடிச்சிருக்க வேண்டிய பெட்டில இப்போ வர்க்கி ரெண்டு கிலோ, வீட்டுத் தோட்டத்து டீத்தூள் ஒரு கிலோ வருது, இன்னும் நாலு கிலோ பாக்கி இருக்கு, என்ன வேணும்னு ஞாயித்துக்கிழமைக்குள்ள சொல்லு.