‘ஆரம்ப காலத் தயாரிப்பு’ என்கிறார் விற்பவர்: பழைய ஜெர்மன் ஸ்னைப்பர் ரைஃபிளில் எதைப் பார்ப்பது?

கேள்வி: நான் ஐரோப்பாவில் வசிக்கிறேன். பழைய ராணுவத் துப்பாக்கிகள் சேகரிக்க முறையான உரிமம் இருக்கிறது. ஓர் ஏலத்தில், இரண்டாம் உலகப் போரில் ஜெர்மன் ராணுவம் பயன்படுத்திய கார்98கே ரைஃபிள் ஒன்று வருகிறது. மேலே ‘பி.ஒய்.எஃப்’, அதன் கீழே 42 என்று பொறித்திருக்கிறது. பின்சைட்டின் (குறிபார்க்கும் பின் அமைப்பின்) இடப்பக்கம் ஒரு சிறிய ரெயில், அதில் மாட்டும் குட்டி ஸ்கோப், அதற்கொரு தகர உறை. ‘ஆரம்ப காலத் தயாரிப்பு, அசல் ஸ்னைப்பர்’ என்று எழுதி, சாதாரண கார்98கே விலையைப் போலப் பல மடங்கு கேட்கிறார்கள். ‘உண்மையான ஆரம்பத் துப்பாக்கி என்றால் ரிசீவரின் (பேரலின் பின்னால் உள்ள இரும்புக் கூட்டின்) இடப்பக்கம் மூன்று திருகு இருக்கும், இதில் இல்லையே’ என்கிறார் நண்பர். யாரை நம்புவது?

பதில்: நண்பர் சொல்வது வேறு வகைத் துப்பாக்கி. அதைப் பிறகு சொல்கிறேன். விற்பவர் சொல்வதில் பாதியைப் படங்களை வைத்தே சரிபார்த்துவிடலாம். மீதிப் பாதிக்குத் துப்பாக்கியைக் கையில் எடுத்துப் பார்க்க வேண்டும்.

உங்கள் விவரிப்பைப் பார்த்தால் இது இசட்.எஃப்.41 என்ற குட்டி ஸ்கோப் மாட்டும் வகை. உருப்பெருக்கம் ஒன்றரை மடங்குதான். ஸ்கோப் கண்ணுக்கு அருகில் இருக்காது. வெகு முன்னால், பின்சைட்டின் மேல் உட்கார்ந்திருக்கும். அப்படி வைத்ததற்குக் காரணம் உண்டு. ஸ்கோப் மாட்டியிருக்கும்போதே ஐந்து தோட்டாக் கிளிப்பை மேலிருந்து அழுத்தி நிரப்பலாம், சாதாரண சைட்டையும் பயன்படுத்தலாம். ஒவ்வொரு படைப்பிரிவிலும் கொஞ்சம் நன்றாகச் சுடுகிறவன் கையில் கொடுப்பதற்காக 1941-இல் களத்துக்கு வந்த ஏற்பாடு இது. கிழக்குப் போர்முனையில் இதன் குறுகிய பார்வைப் பரப்பைக் கண்டு வீரர்கள் சலித்துக்கொண்டார்கள். முழுநேர ஸ்னைப்பர்களுக்கு நான்கு மடங்கு ஸ்கோப்புகளே தேவைப்பட்டன. ஆகவே ‘அசல் ஸ்னைப்பர்’ என்று இதைச் சொல்வதே கொஞ்சம் தாராளம்தான். ஆனாலும் ராணுவம் முறைப்படி ஏற்ற, ஸ்கோப்புடன் வந்த கார்98கே என்ற வகையில் இதற்கு நல்ல மதிப்பு உண்டு.

முதலில் ரிசீவர். ‘பி.ஒய்.எஃப்’ என்பது நெக்கர் ஆற்றங்கரையில் ஓபர்ன்டோர்ஃபில் இருந்த மவுசர் ஆலையின் ரகசியக் குறியீடு. அந்த ஆலை 1930-களின் நடுவில் ‘எஸ்/42’ என்று பொறித்தது. பிறகு வெறும் ‘42’. 1941 முதல் ‘பி.ஒய்.எஃப்’, போர் முடியும் 1945-இல் ‘எஸ்.வி.டபிள்யூ’. இதில் ஒரு குழப்பம் அடிக்கடி வரும். உங்கள் துப்பாக்கியில் கீழே உள்ள 42 ஆண்டு. பழைய துப்பாக்கியின் தலையில் தனியாக நிற்கும் 42 ஆலை எண். இரண்டையும் கலந்து ‘போருக்கு முந்தையது’ என்று விளம்பரம் போடுகிறவர்கள் இருக்கிறார்கள்.

அடுத்து ரிசீவரின் இடப்பக்கத்தில் உள்ள வரிசை எண். அந்த எண்ணுக்குப் பிறகு, அல்லது அதன் கீழே, ஒரு சிறிய எழுத்து இருக்கிறதா என்று கேளுங்கள். ஜெர்மன் ஆலைகள் ஒவ்வோர் ஆண்டும் எண்ணை ஒன்றிலிருந்து தொடங்கும். பத்தாயிரத்தை எட்டியதும் மறுபடி ஒன்று. இம்முறை ‘ஏ’ என்ற எழுத்துடன். பிறகு ‘பி’, ‘சி’ என்று போகும். எழுத்தே இல்லாவிட்டால் அந்த ஆண்டின் முதல் பத்தாயிரத்தில் ஒன்று. ‘டி’ இருந்தால் ஐந்தாவது பத்தாயிரம். விற்பவர் ‘ஆரம்பம்’ என்று சொல்வது பெரும்பாலும் இந்த எழுத்தை வைத்துத்தான். 1942-இன் ஜனவரியில் வந்ததா, கோடையில் வந்ததா என்று ஊகிக்க இது உதவும். ஆனால் ஸ்கோப் ஏற்பாடு 1941-லேயே தொடங்கிவிட்டதால், 42 என்ற ஆண்டு போட்ட துப்பாக்கி இந்த வகையின் முதல் தொகுதி அல்ல. ‘முற்பகுதி’ என்று சொன்னால் ஒப்புக்கொள்ளலாம். அதற்கு மேல் விலை ஏற்ற அது போதாது.

ரிசீவரின் வலப்பக்கம் கழுகு முத்திரைகள் இருக்கும். ராணுவத்தின் ஆயுத ஆய்வாளர் குத்துவது. கழுகின் கீழே எண். ஓபர்ன்டோர்ஃபில் தொடக்கத்தில் 63, பிறகு 655, அதன் பிறகு போர் முடியும்வரை 135. 655 போய் 135 வந்தது 1942-ஐ ஒட்டித்தான். உங்கள் துப்பாக்கியில் 655 இருந்தால் அது ஆண்டின் தொடக்கத்தைச் சேர்ந்தது என்ற வாதத்துக்குத் துணை நிற்கும். சில பாகங்களில் 655, சிலவற்றில் 135 என்று கலந்திருந்தால் பதற வேண்டாம். ஆய்வு முடித்து அடுக்கி வைத்த பாகங்களைப் பிறகு பொருத்துவது ஆலைகளில் சாதாரணம். வேறு ஆலையின் எண் கொண்ட பாகங்கள் நிறைய இருந்தால்தான் யோசிக்க வேண்டும்.

ஏலம் ஜெர்மனியில் நடந்தால் இந்த வலப்பக்கப் படத்தில் ஒரு முத்திரை மட்டும் ஒட்டுத்தாளால் மறைந்திருக்கலாம். அது ஸ்வஸ்திகா. அதைப் பொதுவில் காட்டுவதை அந்நாட்டுச் சட்டம் கட்டுப்படுத்துவதால் மறைக்கிறார்கள். சந்தேகப்பட ஒன்றுமில்லை.

இனி முக்கியமான இடம்: பின்சைட்டின் பீடம். இந்தத் துப்பாக்கிக்கு விலை தருவது இந்த ஒரு துண்டு இரும்புதான். நேரம் முழுவதையும் இங்கே செலவழியுங்கள்.

சாதாரண கார்98கே-யில் இந்தப் பீடம் இருபுறமும் ஒரே மாதிரி இருக்கும். ஸ்கோப் வகையில் இடப்பக்கம் இரும்பு கூடுதல் தடிமனாக வைக்கப்பட்டு, அதிலேயே ரெயில் கடைந்து எடுக்கப்பட்டிருக்கும். அதாவது ரெயில் தனித் துண்டு அல்ல, பீடத்தின் உடலே அது. பற்றவைத்த கோடோ, திருகோ தெரிந்தால் அங்கேயே பேச்சு முடிந்தது. 1942 தயாரிப்பில் கடைசல் வேலை சுத்தமாக இருக்கும். விளிம்புகள் ஒழுங்காக இருக்கும். நீலப்பூச்சு பேரலின் நிறத்தோடு ஒத்துப்போகும்.

இதை வலியுறுத்தக் காரணம் லூபெக்கில் இருந்த இன்னோர் ஆலை. அதன் குறியீடு முதலில் ‘டி.யு.வி’, பிறகு ‘கியூ.வி.இ’. அவர்களும் இந்த வகையைச் செய்தார்கள். போரின் கடைசிக் கட்டத்தில் ரெயில் உள்ள பீடத்தையே சாதாரணத் துப்பாக்கிகளிலும் போட்டு அனுப்பினார்கள். ‘கியூ.வி.இ 45’ என்று பொறித்த துப்பாக்கிகள் பலவற்றில் ரெயில் இருக்கும். ஸ்கோப்பை அவை கண்டதே இல்லை. ரெயில் இருப்பதாலேயே ஸ்னைப்பர் ஆகிவிடாது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம். இந்தப் பிற்காலப் பீடங்களில் உளித்தடம் அப்படியே தெரியும். பூச்சும் பளபளப்பான நீலமாக இல்லாமல் மங்கிய சாம்பல் அல்லது பச்சை கலந்த பாஸ்பேட்டாக இருக்கலாம். சாதாரண 42 துப்பாக்கியில் இப்படி ஒரு பீடத்தைக் கழற்றி மாட்டினால் ‘ஆரம்ப கால ஸ்னைப்பர்’ தயார். நீல உடம்பில் சாம்பல் பீடம், வழவழப்பான பேரலில் சொரசொரப்பான ரெயில் என்றால் கையைப் பின்னுக்கு இழுத்துக்கொள்ளுங்கள்.

பீடம் பேரலில் ஈயப்பற்று வைத்துப் பொருத்தப்பட்டது, கீழே ஒரு சிறு திருகும் உண்டு. அதை மாற்ற வேண்டுமானால் சூடேற்றியே ஆக வேண்டும். சூடேற்றினால் பீடத்தின் இரு முனைகளிலும் பேரலின் பூச்சு நிறம் மாறும், அல்லது புதுப் பூச்சு தெரியும். பற்று வழிந்த வெள்ளிக் கோடு ஓரத்தில் எட்டிப் பார்க்கும். மேல்மரத்தைக் கழற்றிவிட்டு அந்த விளிம்பைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். பேரலின் அடிப்பக்கக் குறியீடுகளும் தெரியட்டும். பேரலே மாற்றப்பட்டிருந்தால் அங்கேதான் அகப்படும். அதே சமயம் துப்பாக்கியின் மரக்கட்டையின் இடப்பக்க விளிம்பையும் பாருங்கள். ரெயிலுக்காக மரத்தைச் செதுக்கிய இடம் பழுப்பேறி, எண்ணெய் ஊறி, சுற்றியுள்ள மரத்தின் நிறத்திலேயே இருக்க வேண்டும். உள்ளே வெளிறிய புது மரம் தெரிந்தால் அது அண்மையில் செதுக்கியது.

ஸ்கோப்புக்கு வருவோம். குழலின் மேல் ஆலைக் குறியீடு, மாதிரிப் பெயர், எண் மூன்றும் இருக்கும். ‘சி.எக்ஸ்.என்’ என்றால் ராத்தேனோவில் இருந்த எமில் புஷ் ஆலை. மாதிரிப் பெயரில் வெறும் 41 என்று இருந்தால் முந்தையது, 41/1 என்று இருந்தால் பிந்தையது. 42 துப்பாக்கியில் 41/1 ஸ்கோப் இருந்தால் அது போலி என்று முடிவு கட்ட வேண்டாம். பழுதானதைக் கிடங்கில் மாற்றியிருக்கலாம், போருக்குப் பிறகு யாராவது ஜோடி சேர்த்திருக்கலாம். ஆனால் ‘ஆலையிலிருந்து வந்தபடியே’ என்று விற்பவர் எழுதியிருந்தால் அதை அவர் நீக்கத்தான் வேண்டும். குழலில் சிறிய முக்கோணமோ கூட்டல் குறியோ தெரிந்தால் அது உள்ளே போட்ட கிரீஸின் வகையைச் சொல்வது. அதைச் சிறப்புப் படைப்பிரிவின் சின்னம் என்று கதை சொல்பவர்கள் உண்டு.

நடுவில் உள்ள வளையத்தைத் திருப்பிப் பார்க்கச் சொல்லுங்கள். 100 முதல் 800 மீட்டர் வரை தூரத்தை அமைப்பது அதுதான். பல இடங்களில் இறுகிப்போயிருக்கும், பலவந்தம் கூடாது. தகர உறை தனியாகவும் சந்தையில் கிடைக்கும் பொருள் என்பதால், அதை வைத்துத் துப்பாக்கியை நம்பாதீர்கள்.

இப்போது நண்பரின் மூன்று திருகு. அது குட்டைப் பக்கரெயில் என்று சேகரிப்பாளர்கள் அழைக்கும் வகை. ரிசீவரின் இடப்பக்கத்தைத் தட்டையாக்கி, அதில் ஒரு பீடத்தைத் திருகி, மேலே ட்ஸைஸ், ஹென்சோல்ட், அயாக் போன்ற நிறுவனங்களின் நான்கு மடங்கு ஸ்கோப்பை ஏற்றுவார்கள். முதலில் வந்தவற்றில் மூன்று பெரிய திருகுகள் மட்டுமே. தொடர்ந்து சுடும் அதிர்ச்சியில் திருகுகள் தளர்ந்தன. ஆகவே பிற்பாடு ஒவ்வொரு திருகையும் பூட்ட ஒரு குட்டித் திருகும், பீடம் நகராமல் இருக்க இரண்டு ஆணிகளும் சேர்த்தார்கள். இதனால்தான் ‘மூன்று திருகு மட்டும்’ என்பது அந்த வகையில் ஆரம்ப அடையாளம் ஆனது. நண்பர் சொன்னது சரிதான், துப்பாக்கிதான் வேறு. ஆனால் அதில் ஓர் ஆபத்தும் இருக்கிறது. மூன்று துளை போட்டு, புதிதாக வார்த்த பீடத்தைத் திருகிவிட்டால் எந்தத் துப்பாக்கியும் ‘ஆரம்ப கால’ ஸ்னைப்பர் ஆகிவிடும். போலிகளுக்கு மிகவும் வசதியான வகை இது. உங்கள் வகையை ஏமாற்றுவது அதைவிடக் கடினம். அந்த மட்டில் உங்களுக்கு நல்லதுதான்.

விளம்பரத்தில் ‘வளைந்த போல்ட் கைப்பிடி’ என்று தனியாக எழுதியிருந்தால் சிரித்துவிட்டு நகருங்கள். போல்ட் என்பது தோட்டாவை அறைக்குள் தள்ளிப் பூட்டும் தண்டு. முதல் உலகப் போரின் கெவேர்98 ரைஃபிளில் சாதாரணப் போல்டின் கைப்பிடி நேராக நீட்டிக்கொண்டிருக்கும். ஸ்கோப் வகைக்கு மட்டும் அதை வளைத்தார்கள். அங்கே அது அடையாளம். கார்98கே எல்லாவற்றிலும் கைப்பிடி வளைந்துதான் இருக்கும்.

சோவியத் கைக்குப் போய் வந்த துப்பாக்கியா என்பதையும் கேட்டுவிடுங்கள். அங்கே குவியல் குவியலாகப் பிரித்து, சுத்தம் செய்து, கிடைத்ததைக் கிடைத்ததோடு பூட்டினார்கள். போல்டில் மின்பேனாவால் கிறுக்கியது போன்ற எண், ரிசீவரில் சில சமயம் ‘எக்ஸ்’ குறி, கட்டையில் கெட்டியான அரக்குப் பூச்சு, இவை அதன் அடையாளங்கள். அசல் துப்பாக்கிதான், ஆனால் எண்கள் ஒத்துப்போகாது, விலையும் வேறு.

கையில் வாங்கிப் பார்க்கும்போது முதலில் போல்டைத் திறந்து அறை காலியா என்று நீங்களே பாருங்கள். எண்ணெய் போடாதீர்கள், தேய்க்காதீர்கள், எந்தத் திருகையும் தொடாதீர்கள். இத்தனை ஆண்டுகளாக அசையாத திருகின் தலையில் ஒரு கீறல் விழுந்தாலும் அடுத்து வாங்குபவர் நான் சொன்ன அதே சந்தேகத்தோடு உங்களைக் கேட்பார்.

ஏலம் கேட்பதற்கு முன் இந்தப் படங்கள் வேண்டும் என்று எழுதுங்கள்: ரெயிலின் மேலும் கீழும் அருகிலிருந்து, பீடம் பேரலைத் தொடும் இரு விளிம்புகளும், வலப்பக்க முத்திரைகள், இடப்பக்க எண்ணும் எழுத்தும், ஸ்கோப் குழலில் உள்ள எழுத்துகள், மரத்தைக் கழற்றிய நிலையில் பேரலின் அடிப்பாகம். கடைசி ஒன்றுக்குப் பலர் முரண்டு பிடிப்பார்கள். ரெயில் படங்களும் விளிம்புப் படங்களும் வரவில்லை என்றால், சாதாரண ‘பி.ஒய்.எஃப் 42’ துப்பாக்கிக்கு உங்கள் ஊரில் என்ன விலையோ அதைத் தாண்டி ஏலம் கேட்காதீர்கள்.