ஜாடை

வணக்கம் ஐயா,

போன ஞாயிற்றுக்கிழமை அமெரிக்காவில் நடந்த ஒரு ஆள்மாறாட்டம் பற்றிய ஆவணப்படம் பார்த்தோம். டெக்சாஸில் 1994-ல் பதின்மூன்று வயதுப் பையன் ஒருவன் காணாமல் போகிறான். மூன்று வருடம் கழித்து ஸ்பெயினில் கிடைத்துவிட்டதாகத் தகவல் வருகிறது. அக்கா விமானம் ஏறிப் போய்க் கூட்டி வருகிறார். வந்தவன் ஃபிரடெரிக் பூர்தான் என்ற பிரெஞ்சுக்காரன், வயது 23. காணாமல் போனவனுக்கு நீலக் கண், இவனுக்குப் பழுப்பு. பேச்சில் பிரெஞ்சு வாடை. அப்படியும் அந்த வீட்டில் மாதக்கணக்கில் பிள்ளையாக இருந்திருக்கிறான்.

பெற்ற தாய்க்கு எப்படித் தெரியாமல் போகும்? "தெரிஞ்சேதான் வெச்சிருந்திருக்காங்க" என்கிறாள் என் மனைவி. எனக்கு அப்படித் தோன்றவில்லை. இன்னொன்று. ஒரு வீடு வேண்டும், அன்பு வேண்டும் என்றுதான் செய்தேன் என்கிறான் அவன். எனக்குப் பாவமாக இருந்தது. "எத்தன், நடிக்கிறான்" என்கிறாள் மனைவி. இரண்டு நாளாகச் சாப்பிடும்போதெல்லாம் இதே பேச்சு. நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?

(பெயர் வேண்டாம்), ஈரோடு

அன்புள்ள நண்பருக்கு,

உங்களுக்குப் பாதி மார்க், உங்கள் மனைவிக்குப் பாதி மார்க். எந்தப் பாதி யாருக்கு என்பதுதான் பிரச்சினை.

நம் வீடுகளில் குழந்தை பிறந்த பத்தாவது நிமிடமே பாகப்பிரிவினை நடந்துவிடும். மூக்கு அப்பாவுக்கு, காது தாத்தாவுக்கு, நெற்றி அம்மாவின் அண்ணனுக்கு. அதுவரை வெறும் சிவந்த முகமாக இருந்தது, ஒரு கிழவி "அப்படியே அவங்க தாத்தா ஜாடை" என்றதும் தாத்தாவாகிவிடும். ஜாடையை ஒருவர் வாயால் சொல்லவேண்டும், அப்புறம்தான் மற்றவர்கள் கண்ணுக்குத் தெரியும். என் பள்ளிச் சான்றிதழில் அங்க அடையாளமாக "இடது முழங்கையில் ஒரு மச்சம்" என்று இருக்கிறது. அந்த மச்சத்தை நான் இன்றுவரை பார்த்ததில்லை. அவசரத்தில் வாத்தியார் எழுதினார், நானும் தலையாட்டினேன்.

பூர்தானிடம் வருவதற்கு முன்னால், எழுபது வருடம் பின்னே போய் இன்னொரு பையனைப் பார்த்துவிடுவோம். எனக்கு அவன்தான் முக்கியம்.

1928 மார்ச் 10. லாஸ் ஏஞ்சலீஸில் வால்டர் காலின்ஸ் என்ற ஒன்பது வயதுச் சிறுவன் காணாமல் போனான். அம்மா கிறிஸ்டின் காலின்ஸ். ஊரெல்லாம் தேடியும் கிடைக்கவில்லை, பத்திரிகைகள் போலீஸைக் கிழித்துத் தொங்கவிட்டன. ஆகஸ்டில் இல்லினாய் மாநிலத்தின் டிகால்ப் என்ற ஊரில் ஒரு பையன் சிக்கினான். அவன் பெயர் ஆர்தர் ஹட்சின்ஸ், வயது பன்னிரண்டு, ஊர் அயோவா. ஒன்பது வயதில் தாயை இழந்தவன். சித்தியிடம் வளர்ந்தான். அந்த வீட்டிலிருந்து எவ்வளவு தூரம் போகமுடியுமோ அவ்வளவு தூரம் போய்விட வேண்டும் என்று கிளம்பி, ஒரு மாதமாகச் சாலையில் திரிந்துகொண்டிருந்தான். சாலையோரச் சாப்பாட்டுக் கடையில் யாரோ அவனைப் பார்த்து, நீ அந்தக் காணாமல் போன பையன் மாதிரியே இருக்கிறாயே என்றார்கள். ஒரு கிழவி போதும் என்றேனே, அதுதான்.

போலீஸ் அவனை உட்கார வைத்து வால்டரைப் பற்றிக் கேட்டபோது, அவன் முதலில் சொன்ன பதில், எனக்கு அப்படி யாரையும் தெரியாது என்பது. உண்மையைத்தான் சொன்னான். அவர்கள் விடாமல் கேட்டார்கள். ஆமாம் என்று சொன்னால் கலிபோர்னியாவுக்கு ரயில் ஏற்றிவிடுவார்கள் என்று அவனுக்குப் புரிந்தது. கலிபோர்னியாவில் ஹாலிவுட், ஹாலிவுட்டில் டாம் மிக்ஸ். குதிரையேறிச் சண்டை போடும் அந்தக் காலத்து நட்சத்திரம், பையனின் தெய்வம். சரி, நான்தான் வால்டர் என்றான்.

பயணச் செலவைக் கொடுத்ததும் அந்தத் தாய்தான். பத்திரிகைக்காரர்கள் சூழ, போலீஸே ஏற்பாடு செய்த சந்திப்பு. பார்த்ததுமே, இவன் என் மகன் இல்லை என்றார். உங்கள் கேள்விக்கு ஒரு பதில் இதில் இருக்கிறது. பெற்றவளுக்குத் தெரிந்தது. ஆனால் வழக்கைக் கவனித்த கேப்டன் ஜோன்ஸ், இரண்டு வாரம் வைத்துத்தான் பாருங்களேன் என்று அனுப்பிவைத்தார். ஜவுளிக் கடையில் புடவை எடுத்துக் கொடுப்பதுபோல.

மூன்று வாரம் வைத்திருந்தார். அந்த மூன்று வாரத்தை என்னால் கற்பனை செய்ய முடிவதில்லை. மகனுடைய இடத்தில் வேறொரு பிள்ளை, அதற்கும் பசிக்கும், அதற்கும் தூக்கம் வரும். பிறகு வால்டரின் பல் மருத்துவ ஆவணங்களோடு போய் நின்றார். ஜோன்ஸ் அவரை மனநோயாளிகள் வார்டில் தள்ளினார். தொல்லை தருபவர்களை அடைத்துவைக்க "கோட் 12" என்று ஒரு வழி வைத்திருந்தார்கள். பையன் உண்மையை ஒப்புக்கொண்ட பிறகும் அவர் வெளியே வரப் பத்து நாள் ஆயிற்று. 1930-ல் ஜோன்ஸ் மீது வழக்குப் போட்டு 10,800 டாலர் நஷ்டஈட்டுக்குத் தீர்ப்பு வாங்கினார். ஜோன்ஸ் அதைக் கொடுக்கவே இல்லை.

இதில் எனக்குப் பையன் மேல் கோபம் வரவில்லை. பொய்யை அவன் சுமந்து வரவில்லை, பெரியவர்கள் வாயில் ஊட்டினார்கள்.

இதைச் சும்மா சொல்லவில்லை. பத்தாம் வகுப்புக்கு என்னைப் பெரியம்மா வீட்டில் கொண்டுபோய் விட்டார்கள். பெரியம்மாவின் இளைய மகன் பிளஸ் டூவில் ஃபெயிலாகி வீட்டை விட்டுப் போய் இரண்டு வருடம் ஆகியிருந்தது. ஒரு கடிதம் கிடையாது. நான் போய்ச் சேர்ந்த அன்று இரவு பெரியம்மா எனக்குச் சாப்பாடு போட்ட எவர்சில்வர் தட்டில் அண்ணனின் பெயர் வெட்டியிருந்தது. புள்ளிப் புள்ளியாக வெட்டுவார்களே, அப்படி. சோறு தீரத் தீர எழுத்து ஒவ்வொன்றாக வெளியே வரும். அப்புறம் அவன் சட்டைகள். அப்புறம், நான் கேட்காமலே, அவனுக்குப் பிடித்த கத்தரிக்காய் வதக்கல். எனக்குக் கத்தரிக்காய் ஆகாது. சாப்பிட்டேன்.

ஒருநாள் காலை பால்காரர் சைக்கிளை நிறுத்திவிட்டு என்னையே பார்த்தார். "என்ன தம்பி, எப்ப வந்தே?" என்றார். அவர் யாரைக் கேட்கிறார் என்று எனக்குத் தெரியும். "போன வாரம்ணே" என்றேன். அப்போது எனக்கு அது பொய்யாகத் தோன்றவே இல்லை. கதவருகே செம்போடு நின்ற பெரியம்மாவும் கேட்டுக்கொண்டுதான் இருந்தார். திருத்தவில்லை. அன்று முதல் அந்தத் தெருவில் எனக்குக் கொஞ்சம் தைரியமாக இருந்தது. தலையைக்கூட அண்ணன் மாதிரி வகிடெடுத்துச் சீவ ஆரம்பித்தேன். சுவரில் அவன் படம் இருந்தது, பார்த்துப் பார்த்துச் சீவலாம்.

அண்ணன் அடுத்த தை மாதம் வந்துவிட்டான். அன்று இரவு எனக்கு வேறு தட்டு. இருந்த மாதங்களில் வராத வீட்டு ஞாபகம் அன்றைக்குத்தான் வந்தது.

சரி, டெக்சாஸ். அந்த வீட்டுக்கு யாரும் ஆளைக் கொண்டுவந்து திணிக்கவில்லை. ஸ்பெயினின் லினாரெஸ் ஊரில் சிறுவர் விடுதி ஒன்றில் வயதைக் குறைத்துச் சொல்லித் தங்கியிருந்த பூர்தான், காணாமல் போன பிள்ளைகளுக்கான அமெரிக்க மையத்துக்கு ஃபோன் போட்டு, பொருந்தும் ஒரு பெயரைத் தேடி எடுத்துக்கொண்டான். தலைமுடியை வெளிற வைத்தான், கையில் பச்சை குத்திக்கொண்டான். கண்ணின் நிறம் மாறியதற்கு, கடத்தியவர்கள் மருந்து போட்டு மாற்றிவிட்டார்கள் என்று ஒரு கதை. இது அவன் செய்தது. மிச்சத்தைக் குடும்பம் செய்தது. அக்கா குடும்பப் படங்களை எடுத்துக் காட்டி, இது யார் அது யார் என்று சொல்லிக்கொடுத்தார். மறந்துபோயிருப்பான் பாவம் என்றுதான் அவர் நினைத்திருக்க வேண்டும். அவனைப் பொறுத்தவரை அது பரீட்சைக்கு முந்தின நாள் வினாத்தாள்.

கடைசியில் அவனைக் கண்டுபிடித்தது யார் என்றால், டிவி குழுவோடு அந்த வீட்டுக்குப் போன சார்லி பார்க்கர் என்ற தனியார் துப்பறிவாளர். வீட்டில் மாட்டியிருந்த பழைய படத்தையும் இவனையும் பார்த்தார். கண்ணை விட்டுவிட்டுக் காதைப் பார்த்தார். காது பொருந்தவில்லை. நம் கிழவிகள் யாராவது அந்த வீட்டில் இருந்திருந்தால் விமான நிலையத்திலேயே விஷயம் முடிந்திருக்கும் என்று ஒரு கணம் நினைத்தேன். அப்புறம் பெரியம்மாவை நினைத்துக்கொண்டு அந்த நினைப்பை விட்டுவிட்டேன். 1998-ல் கைரேகை காட்டிக்கொடுத்தது, ஆறு வருடத் தண்டனை.

"தெரிஞ்சேதான்" என்கிறார் உங்கள் மனைவி. அந்தக் குடும்பத்தின் மேல் பூர்தானே பெரிய பழி ஒன்றைப் போட்டான். யார் மீதும் வழக்கு இல்லை, நிரூபணமும் இல்லை. பிழைப்பே பொய்யாக இருந்தவனின் சொல்லை வைத்து மகனைப் பறிகொடுத்தவர்களை நான் தீர்ப்பிட மாட்டேன். ஆனால் தெரியும், தெரியாது என்ற இரண்டுக்கும் நடுவில் ஒரு நிலை இருக்கிறது. பால்காரர் கேட்டபோது செம்போடு நின்ற பெரியம்மாவுக்கு எல்லாம் தெரியும். ஆனாலும் வாயைத் திறக்கவில்லை.

எத்தன் என்பதில் உங்கள் மனைவி பக்கம்தான் நான். அப்பாவின் முகம் தெரியாமல் தாத்தா பாட்டியிடம் வளர்ந்தவன், அந்தத் தனிமை நிஜம். ஆனால் தண்டனை முடிந்து பிரான்ஸுக்குப் போன பிறகும் விடவில்லை. 2005-ல், முப்பது வயதில், வழுக்கை விழுந்த தலையைத் தொப்பியால் மறைத்துக்கொண்டு, போ என்ற ஊரில் பதினைந்து வயது அநாதையாகப் பள்ளிக்கூடத்தில் சேர்ந்தான். என் பரிதாபம் அதோடு சரி. ஹட்சின்ஸ் அப்படியில்லை. சீர்திருத்தப் பள்ளியில் இரண்டு வருடம் இருந்தான். பிறகு, திருமதி காலின்ஸுக்குத் தான் ஒரு மன்னிப்புக் கடன்பட்டிருப்பதாக எழுதினான். வளர்ந்து குதிரை பழக்கும் தொழிலுக்குப் போனான். டாம் மிக்ஸ் ஒருவழியாக அவனுக்குக் கிடைத்தார் என்று வைத்துக்கொள்ளலாம்.

கிறிஸ்டின் காலின்ஸ் சாகும்வரை மகனைத் தேடிக்கொண்டே இருந்தார்.

ஒன்று மட்டும் கவனித்தேன். உங்கள் கடிதத்தில் பூர்தானின் பெயர் இருக்கிறது. காணாமல் போனவனின் பெயர் இல்லை. நிகோலஸ் பார்க்லே. இன்றுவரை கிடைக்கவில்லை. 1994 ஜூன் 13 அன்று கூடைப்பந்து விளையாடிவிட்டு, கூட்டிப்போக வரச்சொல்லி வீட்டுக்கு ஃபோன் செய்தான். அம்மா தூங்கிக்கொண்டிருந்தார். எழுப்பவேண்டாம், நடந்து வா என்று பதில் கிடைத்ததாகச் சொல்கிறார்கள்.